ஒரு மேடைப் பேச்சை ஆராய்வது எப்படி

மேடைப் பேச்சைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று எங்கள் தமிழ்த் துறைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் தலைப்போடுதான் வருவார்கள். ‘அண்ணாவின் பேச்சுக்கலை’, ‘கலைஞர் உரைகளில் இலக்கிய நயம்’, ‘மேடைத் தமிழும் அடுக்குமொழியும்’. அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஆளை எடுக்காதீர்கள், ஒரு பேச்சை எடுங்கள். ஒரு ஊர், ஒரு மாலை, ஒரு கூட்டம். ஒருவர் எழுந்து பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். அந்த ஒன்றை முழுதாகப் புரிந்துகொள்ளவே ஆய்வுக்காலம் போதாமல் போகும்.

நம் பல்கலைக்கழகங்களில் மேடைத் தமிழ் பற்றிய ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. பலவற்றின் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். முதல் இயலில் பேச்சாளரின் வாழ்க்கை, அடுத்து எதுகை இத்தனை, மோனை இத்தனை, உவமை இத்தனை என்று பட்டியல், கடைசியில் ‘இன்னார் நாவன்மை மிக்கவர்’ என்ற முடிவு. அவர் நாவன்மை மிக்கவர் என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். நமக்குத் தெரியாதது வேறு. கேட்டவர்கள் யார்? எதை நம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்? எழுந்து போகும்போது அதில் என்ன மாறியிருந்தது? மதுரையில் பல ஆண்டுகளாக இதைப் பாடமாக நடத்தி வருகிறேன். மாணவர்களுக்குச் சொல்வதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பேச்சை எடுப்பது

அழகான பேச்சாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே, எப்போது, யார் முன்னால் பேசப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு கிடைக்கிறதா? அன்றைக்குக் கேட்டவர்கள் ஏதாவது ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்ததா? மூன்றாவது கேள்விதான் எனக்கு மிக முக்கியம். வேலைநிறுத்தத்தைத் தொடர்வதா, மறியலுக்குப் போவதா, யாருக்கு ஓட்டு, எதைப் புறக்கணிப்பது என்று ஏதோ ஒன்று தொங்கலில் இருக்கும் கூட்டத்தில்தான் பேச்சு என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

முதல் கேள்வியிலேயே பல புகழ்பெற்ற பேச்சுகள் உதிர்ந்துவிடும். ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை’ என்று அண்ணா தொடங்கியதாக நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எந்த ஊர், எந்தத் தேர்தல், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று சொல்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு விடை வரும். அந்த வரியை ஆராயக் கூடாது என்றில்லை. ஆனால் அப்போது நீங்கள் ஆராய்வது அண்ணா பேசியதை அல்ல, மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை. அதுவும் நல்ல ஆய்வுதான், இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், பாதிரிமார் பிரசங்கம் செய்யும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அந்த முறையையே சைவத்துக்காகக் கையில் எடுத்தார். தமிழில் பொதுப்பேச்சின் வரலாறு எழுதுகிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் முதல் ஆய்வுக்கு இதை எடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் காலப் பிரசங்கங்களைச் சொல்லுக்குச் சொல் பதிந்து வைக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. சுற்றியுள்ள குறிப்புகளை வைத்து எழுதக் கை பழகிய பிறகு போகலாம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் அடிக்கடி காட்டுவது 1943-ஐ. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் கிளம்பிய நேரம். அண்ணா இரண்டு முறை பெரிய தமிழறிஞர்களோடு நேருக்கு நேர் வாதிட்டார். சென்னைச் சட்டக் கல்லூரியில் எதிரில் ரா. பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். பொருள் ஒன்று, பேசுபவர் ஒருவர், அவை மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு தோதான ஜோடி எளிதில் அமையாது. திருக்குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்தப் பத்துக் குறளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்ட மாணவர்கள் முன்னால் சொன்ன எதைச் சேலத்தில் சொல்லவில்லை என்று மட்டும் குறித்து வாருங்கள். ஓர் இயலுக்கான விஷயம் அதிலேயே கிடைத்துவிடும்.

யார் எழுதி வைத்தது

பேச்சு கையில் கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் சந்தோஷப்படும் இடத்தில்தான் நான் அவர்களை நிறுத்துவேன். உங்கள் கையில் இருப்பது பேச்சு அல்ல, யாரோ ஒருவர் எழுதி வைத்தது. அவர் யார்?

தூத்துக்குடியைப் பாருங்கள். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடம் நாள்தோறும் தமிழில் பேசினார்கள். அரசியல் கூட்டம் என்றால் படித்தவர்கள் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசுவது என்று இருந்த காலம் அது. மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்ந்தது. மார்ச் 12-இல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. பிறகு ராஜத்துரோக வழக்கு.

அந்த வழக்கில் சாட்சியமே பேச்சுதான். சிவா என்ன சொன்னார் என்பதற்குப் போலீஸார் எடுத்த குறிப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தன. நீதிபதி பின்ஹே, பேசிய சிவாவுக்கு 10 ஆண்டும், பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளும் விதித்தார். மேல்முறையீட்டில் இவை குறைந்தன. பிள்ளை மீது சொல்லப்பட்டவற்றில் ஒன்று, சிவாவுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்து அவரைப் பேச வைத்தார் என்பது. பேசியவரைவிட, பேசியவருக்குச் சோறு போட்டவருக்குத் தண்டனை அதிகம்! பேச்சுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்று ஆங்கில அரசு நம்பியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது ஆராய்ச்சியாளராக யோசியுங்கள். மேடையில் சிவா பேசியது தமிழ். போலீஸ்காரர் எழுதியது அவர் காதில் விழுந்ததில் ஒரு பகுதி. தீர்ப்பில் நாம் படிப்பது ஆங்கிலம். ராஜத்துரோகத்தைத் தேடிக் காதை வைத்திருப்பவர் எதை எழுதுவார்? வெள்ளைக்காரன், சுயராஜ்யம், அடி, உதை போன்றவை தவறாமல் விழுந்திருக்கும். நடுவில் சொன்ன கதை, புராண உவமை, தொழிலாளியின் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி நிறுத்திய இடம், கூட்டம் சிரித்த இடம் எல்லாம் அவருக்குத் தேவையில்லாதவை. ஆகவே அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ‘சிவாவின் பேச்சு நடை ஆவேசமானது’ என்று எழுதினால், போலீஸ்காரரின் காதைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள்.

ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் இப்படி ஒரு சாய்வு உண்டு. கட்சி வெளியிடும் சிறு நூலில் தடுமாற்றம் இருக்காது, குறுக்குக் கேள்வி இருக்காது. நாளிதழ்ச் செய்தியாளர் தலைப்புக்கு ஏற்ற வரியை எடுத்துக்கொள்வார். 1925-இல் தொடங்கிய குடி அரசு இதழில் பெரியார் பேச்சுகள் நிறைய அச்சாகியிருக்கின்றன. அவருடைய பிற்கால ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள், வாக்கியம் தொடங்குவதும் முடிவதும் வேறு மாதிரி இருப்பது உடனே தெரியும். சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் குறுக்கீடுகள்கூடப் பதிவாவதால் அவை நமக்குப் பெரிய உதவி. ஆனால் அங்கேயும் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவை உண்டு.

தேடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்களுக்கும் கட்சி வெளியீடுகளுக்கும் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசு, போலீஸ் கோப்புகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், போகும்போது துறையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எழும்பூரிலேயே கன்னிமாரா நூலகம். ஈழத்து இதழ்களுக்கும் நூல்களுக்கும் நூலகம் இணையத் திட்டம். மாநிலங்களவை விவாதங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

இரண்டு பதிவு கிடைத்தால் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இரண்டையும் எதிரெதிராக எழுதுங்கள். கையால் எழுதுங்கள் என்றே சொல்வேன், அப்போதுதான் ஒவ்வொரு சொல்லிலும் கண் நிற்கும். வேறுபடும் இடங்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். அந்த வண்ணம்தான் உங்கள் ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு.

நோட்டீஸை விடாதீர்கள்

மேடைப் பேச்சு முதல் வாக்கியத்தில் தொடங்குவதில்லை. அது நோட்டீஸிலேயே தொடங்கிவிடுகிறது. தலைமை யார், முன்னிலை யார் யார், வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை, எந்தப் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில். முன்னிலை என்று போட்டிருக்கும் பெயர்களைப் பாருங்கள். அந்த ஊரின் சாதி, தொழில், பணம், கட்சிக்குள் இருக்கும் கோஷ்டி எல்லாம் அந்த வரிசையில் தெரியும். உள்ளூர் ஆட்கள் யாரிடமாவது நோட்டீஸைக் காட்டி ‘இவர் பெயர் ஏன் இவருக்கு மேலே?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அடுத்து விளி. ‘அவர்களே, அவர்களே’ என்று பேச்சாளர் அடுக்கும் அந்தப் பகுதியை மாணவர்கள் எழுத்தாக்கும்போது ‘அவையோரை விளித்தல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முழுதாக எழுதுங்கள். யாருக்கு எந்தப் பட்டம், யார் பெயரில் கைதட்டல், யாரை மறந்துவிட்டு நடுவில் திரும்பி வந்து சொன்னார், கடைசியில் தாய்மார்களை எப்படிச் சொன்னார். மேடையில் இருப்பவர்களை வாயால் வரிசைப்படுத்துவது ஒரு செயல். அது சரியாக நடக்காவிட்டால் பின்னால் வரும் வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த நாள் பிரச்சினை வேறாக இருக்கும்.

பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 1990-களில் மதுரையில் தங்கிக் கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார், சுவரொட்டி, கட்அவுட், வாழ்த்து விளம்பரம் எல்லாவற்றையும் பேச்சோடு சேர்த்துப் பார்த்தார். 2009-இல் அவருடைய நூல் வந்தது, 2016-இல் அவர் மறைந்தார். மேடைச் செந்தமிழ் ஏதோ சங்க காலத்திலிருந்து அப்படியே வந்ததல்ல, திராவிட இயக்கத்தார் கையில் 20-ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு புது மொழி என்று அவர் காட்டியது என் பாடத்தையே மாற்றியது. நம் தெருவில் நடப்பதை நாம் ஆய்வுப் பொருளாக நினைக்காமல் இருந்தோம், அவர் நினைத்தார்.

நடக்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மேடைக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள். கொஞ்ச நேரம் பின்னால், டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டே கேட்கிறார்கள், யார் வேனில் வந்தார்கள், ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் தெரு வரை கட்டியிருக்கிறது, கூட்டத்துக்கு வராமலேயே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர்கள் எத்தனை பேர். நான் சிறுவயதிலிருந்தே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டம் கேட்டவள். அங்கே நடக்கும் முணுமுணுப்பு விமர்சனம் மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்டதே இல்லை.

வாதத்தைப் பிரிப்பது

இதற்கு இரண்டு கருவி போதும், ஒன்று நம்முடையது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தருக்க முறை, சொல்லித் தருகிறார். நிறுவ வேண்டியது பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டுக்குத் திட்டாந்தம். எவை போலி ஆகும் என்றும் நீண்ட பட்டியல் கொடுக்கிறார். அதைத் தத்துவப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எந்தத் தேர்தல் பேச்சையும் எடுத்து, எது பக்கம், எது ஏது, எது திட்டாந்தம் என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள். பல பேச்சுகளில் திட்டாந்தம் நிறைய இருக்கும், ஏது இருக்காது.

இன்னொரு கருவி அரிஸ்டாட்டில் கொடுத்தது. மேடையில் பேசுபவர் தம் வாதத்தை முழுதாகச் சொல்ல மாட்டார், ஒரு படியைச் சொல்லாமல் விடுவார், கேட்பவர்கள் அதைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்பது அவருடைய கவனிப்பு. என் அனுபவத்தில் ஒரு பேச்சின் உயிர் இந்தச் சொல்லாத படியில்தான் இருக்கிறது. ஆய்வாளரின் வேலை அதை எழுதிக் காட்டுவது.

1962-ஐ எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போகிறார். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தின் மேல் ஆங்கிலத்தில் கன்னிப் பேச்சு. திராவிட நாடு கேட்கும் கட்சியின் தலைவர் என்பது அவைக்குத் தெரியும், அந்தக் கோரிக்கையைப் பெரும்பாலோர் வெறுத்தார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அப்படிச் சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ நான் எதிரி இல்லை. திராவிடர்களிடம் இந்த நாட்டுக்குத் தருவதற்குத் தனித்தன்மையான, வேறுபட்ட ஒன்று இருக்கிறது. ஆகவே சுயநிர்ணய உரிமை கேட்கிறோம்.

பக்கம் தெளிவு: சுயநிர்ணயம் வேண்டும். ஏதுவும் தெளிவு: தருவதற்குத் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்டது என்ன? தனித்தன்மை உள்ள மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமை உண்டு என்பது. இதை அந்த அவையில் எதிர்த்துப் பேசக்கூடியவர் யார்? 20 ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளைக்காரனிடம் இதையே சொல்லிச் சிறைக்குப் போனவர்கள் காங்கிரஸ் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பழைய வாதத்தையே எடுத்து, பெயர் சொல்லாமல் அவர்கள் முன்னால் வைத்துவிட்டார் அண்ணா. நடுவில் ராபர்ட் பர்ன்ஸின் வரி ஒன்றையும் சொன்னார், எப்படியானாலும் மனிதன் மனிதனே என்ற கருத்துள்ள வரி. ஆங்கில இலக்கியத்தில் இதைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்க, பர்ன்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், ஒரு பெரிய ஐக்கியத்துக்குள் தன் மொழியையும் மண்ணையும் விடாத ஒரு நாட்டின் கவிஞர். அண்ணா இதை எண்ணித்தான் தேர்ந்தாரா என்று நம்மால் நிரூபிக்க முடியாது. அந்த மேற்கோள் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் காட்டலாம், ஆய்வில் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சரி, அவை மசிந்ததா? இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தது, 1963-இல் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. அப்படியானால் பேச்சு தோற்றுவிட்டதா? இந்தக் கேள்வியை மாணவர்களிடம் போட்டுவிட்டு நான் காத்திருப்பேன். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: அவர் பேசியது அந்த அவைக்கு மட்டும் இல்லையே, மேடம். டெல்லியில் ஆங்கிலத்தில், தலை நிமிர்ந்து, பெரிய பெரிய தலைவர்கள் முன்னால் ஒரு தமிழர் இப்படிப் பேசினார் என்ற செய்தியை ஊரில் படித்தவர்கள் இரண்டாவது அவை. ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளில் அந்தக் கேளாரும் இருக்கிறார்கள் அல்லவா? உங்கள் பேச்சுக்கு எத்தனை அவை என்று முதலில் எண்ணுங்கள், பிறகு ஒவ்வோர் அவைக்கும் சொல்லாமல் விட்ட படி என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள்.

உணர்ச்சிக்குத் தொல்காப்பியர் தந்த எட்டு மெய்ப்பாடுகளே எனக்குப் போதுமானதாக இருக்கின்றன: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எழுத்தாக்கிய பேச்சின் ஓரத்தில் எந்த இடத்தில் எது என்று குறியுங்கள், வரிசை தெரிய வரும். திராவிட இயக்கப் பேச்சுகளில் இளிவரலும் பெருமிதமும் மாறி மாறி வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலில் ‘நம்மை எப்படி வைத்திருக்கிறார்கள் பார்’, உடனே ‘நாம் யார் தெரியுமா’. அந்த மாற்றம் நடக்கும் வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பேச்சின் இடுப்பைப் பிடித்துவிட்டீர்கள்.

எதுகை, மோனை எல்லாம் கடைசியில்

வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றை எண்ணுவதில் பயனில்லை, அவை எந்த இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். மேக்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர் பிரிட்டிஷ் அரசியல் பேச்சுகளின் ஒலி, ஒளிப்பதிவுகளில் கைதட்டல் எங்கே எழுகிறது என்று நுட்பமாகப் பார்த்து 1984-இல் ஒரு நூல் எழுதினார். மூன்றாக அடுக்கும் இடத்திலும், ஒன்றோடு ஒன்றை எதிர் நிறுத்தும் இடத்திலும் கைதட்டல் வருவது அடிக்கடி தெரிந்தது. எங்கே முடியப்போகிறது என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரிவதால் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்ட முடிகிறது. நம் அடுக்குமொழி செய்வதும் பெரும்பாலும் இதுதான். ஒலிப்பதிவில் கைதட்டல், விசில், சிரிப்பு, அமைதி எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு, அதற்கு முன் வந்த வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். அடுக்கு இருந்தும் கைதட்டல் வராத இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள், அங்கே ஏதோ இருக்கிறது.

கேட்டவர்கள்

நான் மிகவும் அக்கறை கொள்ளும் பகுதி இது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார், மறைமலையடிகளின் மகள். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தைத் தீர்மானமாகக் கொடுத்த மாநாடு. அதன் பிறகு பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் போய்க் கைதானார்கள், தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்பட. பெண்களைத் தூண்டிப் பேசினார் என்று பெரியார் மேல் வழக்குப் போட்டு, டிசம்பரில் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

வழக்கின் கதை எளிமையானது: ஆண் பேசினார், பெண்கள் தூண்டப்பட்டார்கள். ஆனால் மூவலூர் அம்மையார் அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் நடந்து வந்தவர், வழியெல்லாம் கூட்டம் பார்த்தவர். அவரை நவம்பரில் ஒரு பேச்சு வந்து தூண்டியது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பேச்சு அவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் வேறு விடைகள் வருகின்றன. ஏற்கெனவே எடுத்த முடிவை நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு மேடை கிடைத்திருக்கலாம். வீட்டில் அனுமதி கேட்க ஒரு காரணம் கிடைத்திருக்கலாம். இவை தேடிப் பார்க்க வேண்டியவை. 1908-இலும் 1938-இலும் நீதிமன்றங்கள் கேட்டவர்களை வெறும் காதுகளாக வைத்தே தீர்ப்பு எழுதின. நம் ஆய்வேடுகள் பலவும் அதையே செய்கின்றன, பேச்சாளரைப் புகழ்ந்துகொண்டு. அந்த மாநாட்டில் பேசிய பெண்களின் சொற்களையும், பெரியாரின் சொற்களைத் தேடும் அதே உழைப்போடு தேடுங்கள் என்று என் மாணவிகளிடம் கெஞ்சியே கேட்பதுண்டு.

உயிரோடு இருக்கும் கேட்பவர்களிடம் பேசுவதற்குச் சில முறைகள் உண்டு. ‘பேச்சு எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், ‘பிரமாதம்’ என்பார்கள், அத்தோடு முடிந்தது. யாரோடு போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்து வந்தீர்கள், வீட்டில் போய் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஒரு முறை, சில வாரம் கழித்து ஒரு முறை. இரண்டாம் முறை மிஞ்சியிருக்கும் வரிதான் பேச்சிலிருந்து ஊருக்குள் போன வரி. ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள், ஆய்வேட்டில் பெயரைப் போடாதீர்கள். சிறிய ஊரில் யார் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார் என்பதே அவருக்குத் தொல்லையாகலாம்.

விளைவைப் பற்றி எழுதும்போது அவசரம் வேண்டாம். ‘மேடைத் தமிழே 1967-இல் ஆட்சியைப் பிடித்தது’ என்று எழுதுவது சுகமாக இருக்கும். அரிசித் தட்டுப்பாடு இருந்தது, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் இருந்தது, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உள்பட ஒரு கூட்டணி இருந்தது. பேச்சு இவை எல்லாவற்றையும் மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை மாற்றியிருக்கலாம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற சொற்றொடர் பசியை ஓட்டாக மாற்றிய விதத்தை ஆராயுங்கள், அதற்கு மேல் பேச்சின் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்றைய பேச்சை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். வாட்ஸ்அப்பில் வரும் அரை நிமிடத் துண்டு பேச்சு அல்ல, ஒருவர் வெட்டிய பேச்சு. முழுப் பதிவையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் எந்த வாக்கியத்தை வெட்டினார்கள், பின்னால் எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். 1908-இன் போலீஸ் குறிப்பை வாசித்த அதே முறைதான். 2018-இல் மறைந்த கருணாநிதியின் உருவமும் குரலும் 2024-இல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு விழாவில் வாழ்த்துச் சொன்னது. பேசுபவர் இல்லாமலேயே பேச்சு நடக்கிறது, கேட்டவர்கள் அதற்கும் கைதட்டினால் எதற்காகத் தட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க யாராவது வேண்டும்.

எழுத உட்காரும்போது பேச்சாளரின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள். முதல் இயல் அந்த மாலையும் அந்த ஊரும். இரண்டாவது, பதிவுகளும் அவற்றின் வேறுபாடும். பிறகு வாதம், உணர்ச்சி, ஒலி. கடைசி இயல் கேட்டவர்கள், அதுதான் மிக நீளமாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் பேச்சை எடுத்திருந்தால், அந்தக் கட்சிக்காரர் ஒருவரிடம் வாதத்தைப் பிரித்த இயலைப் படித்துக் காட்டி, ‘ஆமாம், நாங்கள் இதைத்தான் சொன்னோம்’ என்று அவர் ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். பிடித்த கட்சியாக இருந்தால் இது இன்னும் அவசியம், அப்போது எதிர்க்கட்சிக்காரரிடம் காட்டுங்கள். ஒலிப்பதிவு, எழுத்தாக்கம், அந்த நோட்டீஸ் மூன்றையும் தேதியும் இடமும் எழுதிக் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்து இதே பேச்சை எடுத்து உங்களை மறுத்து எழுதப் போகிறவருக்கு அவை தேவைப்படும்.